பீலித் தண்ணீரும் மசகெண்ணெயும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தே இருக்க மாட்டேன்.

பதுளைப் பல்கலைக்கழகத்தில் எனக்கும் ஷிப்னாவுக்கும் இறுதியாண்டு ஆய்வு ஒன்றுதான். நிலத்தடியிலிருந்து எடுத்தபடியே பாகு மாதிரித் தடித்திருக்கும் மசகெண்ணெயைத் தண்ணீரில் சிறு துளிகளாகக் கலந்து, குழாயில் இலகுவாக ஓட வைக்க வேண்டும். துளிகள் ஒன்றுசேராமல் பிடித்து வைப்பது சவர்க்காரம். வெள்ளி காலை பத்து மணிக்கு ஓட்டிக் காட்டாவிட்டால் தலைப்பை மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எங்கள் ஆய்வைப் பார்க்கும் தாஸிம் சேர் சொல்லிவிட்டார். இருவருக்கும் ஒரு வருடம் போய்விடும்.

வியாழன் பின்னேரம், கலவைக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டது.

"எங்கயாச்சும் வாங்குவோம்டி" என்றாள் ஷிப்னா.

"எதுக்கு? எங்க லயத்துப் பீலித் தண்ணிய விட சுத்தமான தண்ணி எங்க இருக்கு?" என்று பாய்ந்தேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மலையிலிருந்து பீலிக் குழாய் வழியே நேரே விழுகிற தண்ணீரை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. மறுநாள் விடியவே ஒரு கேன் நிறையக் கொண்டுவந்து, அதிலேயே எண்ணெயையும் சவர்க்காரத்தையும் கலந்தோம்.

ஒன்பது மணிக்குக் கலவையைப் பார்த்தோம். போத்தலைக் கவிழ்த்தாலும் அசையவில்லை. வெறும் மசகெண்ணெயைவிட மோசமாகத் தடித்திருந்தது.

"முடிஞ்சிது யசோ" என்று ஷிப்னா உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. கறுத்த கையைக் கழுவக் கேனைச் சரித்தேன். சவர்க்காரம் நுரைக்கவில்லை, வெள்ளைப் பிசுக்குதான் ஒட்டியது. பீலியடியில் துணி துவைக்கும்போது நுரையே வரவில்லை என்று அம்மா தினமும் ஏசுவது ஞாபகம் வந்தது.

"சுண்ணாம்பு!" என்று கத்தினேன். "தண்ணியில கல்சியம்டி!"

சவர்க்கார மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் பருத்த தலை ஒன்று, எண்ணெயை விரும்பும் மெல்லிய வால் ஒன்று. அதனால்தான் எண்ணெய்த் துளியை வளைத்து மூடுகிறது. கல்சியம் வந்தால் ஒரே தலையில் இரண்டு வாலைக் கட்டிவிடும். வால்பக்கம் பருத்து, வளைவு தலைகீழாகும். எண்ணெய் வெளியே, தண்ணீர் உள்ளே. பிறகு எப்படி ஓடும்?

"கல்சியத்த வெளிய எடுத்தா?" ஷிப்னா எழுந்துவிட்டாள்.

"சலவைச் சோடா!"

சோடா கல்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்புத் தூளாகப் பிரித்துவிடும். தடித்த கலவையில் பாதியைத் தனியே வைத்துவிட்டு மீதியில் சோடாவைப் போட்டுக் கலக்கினோம். சரியாகப் பத்துக்குச் சேர் வந்தார். ஷிப்னா போத்தலைச் சரித்தாள். தேத்தண்ணீர் மாதிரி ஓடியது! நான் சேர் முன்னாலேயே துள்ளினேன்.

சேர் தடித்த கலவை இருந்த போத்தலையும் கவிழ்த்துப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே சவர்க்காரமா?"

"ஆமா சேர். எங்க பீலித் தண்ணி பண்ணின வேலை."

"அப்ப தலைப்ப மாத்துங்க" என்றார். ஒரு வருடம் போச்சு என்றே நினைத்தேன். அவர் சிரித்தார். "முதல்ல இருந்து வேணாம். ஏன் தடிச்சிச்சு, ஏன் ஓடிச்சு, அதையே எழுதுங்க."

வெளியே ஓடிவந்து அம்மாவுக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் எல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப துணி தொவைக்கையில சோடா போட்டா நொரைக்குமா?" என்றாள்.

"நொரைக்கும்மா!"