ஆலைக்கான மன்றாட்டு

சுகிர்தபுரம் ஆலயத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அசனப் பண்டிகையில் ஊர் முழுவதும் ஒரே பந்தியாக அமர்ந்து சாப்பிடும். பந்திக்கு முன் ஜெர்மனியில் உள்ள ஒரு சோடா ஆலைக்காக மன்றாடுவார்கள். ஆலயக் கோபுரம் கட்டப் பணம் அனுப்பியவர் அந்த ஆலை முதலாளியின் மனைவி. நன்றியாகத் தொடங்கிய மன்றாட்டு நான்கு தலைமுறையாக நீடிக்கிறது. "அந்த ஆலையின் புகை அணையாதிருப்பதாக" என்று வாசித்து முடித்ததும் சபை "ஆமென்" என்னும். அதன் பிறகுதான் சோற்று வட்டாக்களின் மூடி திறக்கும். அதனால் அந்த ஆமெனில் எப்போதும் கொஞ்சம் அவசரம் இருக்கும்.

அது கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் வேண்டிய வெள்ளைச் சோடாவைச் செய்யும் ஆலை. ஊர்ப் பிள்ளைகள் கோலிசோடா என்று நினைத்துக்கொண்டார்கள். வளர்ந்த பிறகு அதைத் திருத்திக்கொள்ள அவர்களுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மன்றாட்டை வாசிக்கும் உரிமை நேசையாவின் குடும்பத்துக்கு உரியது. அவருடைய பூட்டனார் தொடங்கி வைத்தது. நேசையா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் யாரும் அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அசனத்தன்று ஒலிபெருக்கி முன் நிற்கும்போது அவருக்கு வேறொரு குரல் வந்துவிடும். ஆண்டின் மற்ற நாட்களை அவர் அந்தக் குரலின் நினைவில்தான் கழித்தார் என்று தோன்றும்.

இந்த ஆண்டு சபைக் கமிட்டிக்குப் பொருளாளராக வந்தவர் தேவசிகாமணி. தச்சநல்லூரில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். அவர் குடும்பமும் மூன்று தலைமுறையாக ஆலயத்தில் ஏதாவது ஒன்றை வாசிக்க ஆசைப்பட்டு, ஒன்றும் கிடைக்காத குடும்பம். முதல் கூட்டத்திலேயே அவர் ஒரு யோசனை சொன்னார். ஆலையின் வரலாற்றை யாராவது எழுதட்டும். ஆலை இருந்தால் அதை அசனத்தில் வாசிப்போம், இல்லையென்றால் மன்றாட்டை எடுத்துவிடுவோம். புதிதாக வந்திருந்த குருவானவர் நியாயம்தானே என்று சொல்லிவிட்டார்.

வேலை கிங்ஸ்லியிடம் வந்தது. பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடி ஜெர்மன் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கிறவன். அதிகம் பேசமாட்டான். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தான் என்று அவன் மனைவி கெசியா சொல்வாள்.

அவன் சில வாரங்கள் படித்தான். ஆற்றங்கரையில் உப்பும் சுண்ணாம்புக்கல்லும் கிடைத்த இடத்தில் ஆலை எழுந்திருந்தது. முதல் உலகப்போரில் அதன் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் சூளைக்கு வந்தார்கள். அதே ஆண்டுகளில் சுகிர்தபுரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், 'ஜெர்மனி' என்ற சொல்லை மன்றாட்டிலிருந்து நீக்கச் சொன்னார். நேசையாவின் பூட்டனார் 'அக்கரையிலுள்ள ஆலை' என்று வாசித்தார். எந்தக் கரை என்று கடவுளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் போருக்குப் பின் ரஷ்யப் படை வந்து கொதிகலன்களைக் கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனது. தொழிலாளர்கள் பழைய இரும்பைப் பொறுக்கி மறுபடி ஆலையை எழுப்பினார்கள். பிறகு கடவுளை ஏற்காத ஓர் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்த அரசின் உற்பத்தி பெருக வேண்டும் என்று தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம் நாற்பது ஆண்டுகள் விடாமல் ஜெபித்திருக்கிறது.

ஜெர்மனியைப் பிரித்த சுவர் இடிந்தது. நாணயம் மாறியது. வாங்கிக்கொண்டிருந்த நாடுகள் வாங்குவதை நிறுத்தின. 1991இல் ஆலை மூடப்பட்டது. பிறகு புகைபோக்கியையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இத்தனை காலம் ஆலையின் வெண்கழிவு போய்ச் சேர்ந்த ஆற்றில் இப்போது மீன் திரும்பியிருக்கிறது. இதைப் படித்தபோது கிங்ஸ்லிக்கு மகிழ்ச்சி வந்தது. சபைக்கு எதிரான மகிழ்ச்சியோ என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தான்.

கமிட்டிக் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை நேசையா அவனைத் தேடி வந்தார். இருவரும் ஆற்றுப் படித்துறை வரை நடந்தார்கள். ஆலை மூடியதைக் கிங்ஸ்லி சொன்னான். நேசையா தண்ணீரைப் பார்த்தார். எதிர்க்கரையில் யாரோ மாடு குளிப்பாட்டி முடித்து ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்பம் இத்தன வருசமா நான் யாருக்கு வாசிச்சேன்?"

 பொய் எழுதச் சொல்வாரோ என்று கிங்ஸ்லி பயந்தான். அவர் சொல்லவில்லை.

"நாளைக்கு பைய வாசி தம்பி. மூடுனத கடைசியில சொல்லு."

மறுநாள் கமிட்டி முன் கிங்ஸ்லி மெதுவாகத்தான் வாசித்தான். பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்த ஞானசௌந்தரி டீச்சர், பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் கமிட்டியில் இருப்பவர், கண்ணை மூடிக் கேட்டார். ரஷ்யர்கள் கழற்றிக்கொண்டு போன ஆலை மீண்டும் எழுந்த இடத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். அந்த ஸ்தோத்திரம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை யோசித்துக் கிங்ஸ்லி ஒரு வரி தடுமாறினான். கடைசியில் ஆண்டைச் சொன்னான். தேவசிகாமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நேசையா தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"தொண்ணூத்தொண்ணுலதான நம்ம அசனம் நின்னுது?"

அறையில் இருந்த வயதானவர்களுக்கு நினைவு வந்தது. அந்த ஆண்டு தேவசிகாமணியின் அப்பா, மன்றாட்டை நான்தான் வாசிப்பேன் என்று நேசையாவின் அப்பா கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். கைகலப்பானது. போலீஸ் வந்து ஆலயத்தைப் பூட்டியது. வட்டா வட்டாவாகச் சோறு மாடுகளுக்குப் போனது. மன்றாட்டு நின்ற ஒரே ஆண்டு அதுதான்.

"ரெண்டு சண்டையில விழாத ஆலை. அந்த வருசம் விழுந்திருக்கு," என்றார் டீச்சர்.

தேவசிகாமணி நிமிர்ந்தார். "அங்கன ஆலை மூடுனதுக்கும் இங்கன சோறு கவுந்ததுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

"அப்பம் ஜெபத்துக்குப் பலன் இல்லேங்கீரா, பொருளாளரே?"

குருவானவரும் அவரைப் பார்த்தார். கிங்ஸ்லி நாணயம் மாறிய கதையை மீண்டும் விளக்க முயன்றான். நல்ல பையன், ரொம்பப் படித்துவிட்டான் என்பது போல எல்லோரும் தலையசைத்தார்கள். தேவசிகாமணி நெடுநேரம் யோசித்தார். கடையில் ஒரு பெரிய பேரத்தை முடிக்கும் முகம் அவருக்கு வந்தது. எழுந்தார்.

"ஒத்துக்கிடுதேன். எங்கப்பாதான் ஆலைய மூடுனாரு."

அந்தப் பாவத்துக்காக ஆண்டுதோறும் அசனத்தில் ஒரு பாவ அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என்றார். அதைத் தம் குடும்பமே, தமக்குப் பின் தம் மகனே வாசிக்க வேண்டும் என்றார். வந்த முதல் ஆண்டிலேயே இப்படி ஒரு மனந்திரும்புதலைக் கண்ட குருவானவருக்குக் கண் கலங்கியது. உடனே சம்மதித்தார். நேசையாவின் மன்றாட்டும் இருக்கட்டும், ஆலை மீண்டும் திறக்க வேண்டும் என்று சிறிதாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

நேசையா காப்பாற்றப்பட்டுவிட்டார். ஆனால் அவர் முகம் வெளிறியிருந்தது. நாலு வரி மன்றாட்டுக்கு முன்னால் ஒரு பக்கப் பாவ அறிக்கை வந்து நிற்கும் என்பது அவருக்குப் புரிந்தது. அவர் எழுந்து நின்றதை, கமிட்டியில் அவர் எழுந்து நிற்பது இதுவே முதல் முறை என்பதால், எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்கப்பா மைக்கத்தான்வே பிடுங்குனாரு. மைக்கு இல்லாம வாசிச்சிருக்கலாம்லா? மாட்டேன்னு வீட்டுக்குப் போனது எங்கப்பா. மூடுனது எங்கப்பா."

"அண்ணாச்சி, ஊர் பூரா பாத்துச்சு. எங்கப்பா கையிலதான் மைக்கு இருந்துச்சு."

"உம்ம அப்பாவுக்கு ஒரு கடைய மூடக்கூட துப்பு கெடையாதுவே. ஆலைய மூடுனாராம்."

குரல் உயர்ந்தது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வரும் அந்தக் குரல் நேசையாவுக்கு இப்போது சாதாரண அறையில், ஒலிபெருக்கி இல்லாமல் வந்தது. குருவானவர் நடுவில் புகுந்து, மூடியபோது எத்தனை பேருக்கு வேலை போனது என்று கிங்ஸ்லியிடம் கேட்டார். ஏறக்குறைய நாலாயிரம் என்றான் அவன். அப்படியானால் ஆளுக்கு இரண்டாயிரம் பேருக்காக இரு குடும்பமும் அறிக்கை செய்யட்டும் என்று குருவானவர் தீர்ப்புச் சொன்னார். இருவரும் மனமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

மீன் திரும்பி வந்த பக்கத்தைக் கிங்ஸ்லி இன்னும் வாசித்திருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவன் தாள்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நேசையா பின்னாலேயே வந்து அவன் தோளைத் தொட்டார்.

"ஏறக்குறையன்னா, நாலாயிரத்துக்கு மேல கொஞ்சம் இருக்கும்லா தம்பி?"

"இருக்கலாம் அண்ணாச்சி."

"அந்த மிச்சம் எங்கப்பாவுக்குன்னு எழுதிப்புடு."