கடைசித் தேதி போடாத சீட்டு

தம்பி வருகிறான் என்றாலே அக்காவுக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் கிலியும் சேர்ந்து வரும். வெறுங்கையோடு வர அவனுக்குத் தெரியாது. போன வருடம் ஆண்டு இறுதி விடுமுறைக்கு, கால் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கன்றுக்குட்டி அளவு இருந்தது. அதற்கு முந்தைய வருடம் படகு வடிவத்தில் ஒரு சுவர்க்கடிகாரம். இரண்டு துடுப்புகள்தான் முட்கள். இரண்டும் ஒரே நீளம் என்பதால் மணி பார்ப்பதற்கு வேறு கடிகாரம் தேவைப்பட்டது. முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள், ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குக் குடிவரும்போது பழைய சாமான்களில் முக்கால்வாசியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். காலியான இடத்தையெல்லாம் தம்பி ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தான்.

இந்த முறை இடுப்பு உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றான்.

"உள்ள கொண்டு வராதேடா. இடமில்ல" என்றாள்.

அவன் பாட்டுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். அவள் பெட்டியின் மேல் கையை வைத்து, முகத்துக்கு நேராக நின்று உரக்கக் கேட்டாள். "என்னடா இது?"

"காத்தைச் சுத்தம் பண்ற மெஷின்க்கா."

"என் வீட்டுக் காத்துக்கு என்ன கேடு வந்துச்சு?"

அவன் சிரித்தான். காதில் விழுந்து சிரித்த சிரிப்பு இல்லை அது. கொஞ்ச காலமாகவே எதிரில் இருப்பவர் வாய் அசைந்து நின்றதும் அவனிடமிருந்து ஒரு சிரிப்பு வரும், இல்லாவிட்டால் ஓர் 'ஆமாமா' வரும்.

அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது தொலைபேசியில். ஞாயிறுதோறும் பேசுவார்கள். ஒரு ஞாயிறு அவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து தம்பி, "ஆமாமா... அதுசரி... நீ சொல்றது நியாயந்தான்க்கா" என்று ஒரு நிமிடம் முழுக்க ஒத்துப்பாடிக்கொண்டிருந்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

அவன் யார்? லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவனுக்குப் பெயரே 'பாம்புக்காது'. ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் போன மாதம் அவள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறி வந்தான். அது இரண்டாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த சமயம். "உங்க லிஃப்ட் வெண்ணெய் மாதிரி போகுதுக்கா" என்றான். இவன் கையெழுத்துப் போட்டுத்தான் எத்தனையோ கட்டடங்களில் ஆட்கள் மேலே கீழே போய் வருகிறார்கள்.

காது டாக்டரைப் பார் என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். மூன்றாவது முறை, "என் காதுல ஒண்ணுமில்ல, உனக்குத்தான் குரல் போயிடுச்சு" என்று கத்திவிட்டுப் போனவன், ஒரு மாதம் எட்டிப்பார்க்கவில்லை. வாயால் அவனை ஜெயிக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே முடியாது.

முடிந்த ஒரே வழி அவளுடைய பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அதை எடுக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வாரமாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அவர்கள் வளர்ந்த வீட்டில் இரண்டே அறை. ஆறு பேர். படுக்கையை விரித்தால் கதவு திறக்காது. விடுமுறைக்குப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்க ஆசைப்பட்டபோது, அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சட்டம் போட்டாள்: "சாப்பிட்டா தீரணும், இல்ல செஞ்சா முடியணும். மூலையில வந்து உக்கார்ற எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது." அப்படிப் பிறந்தவைதான் சீட்டுகள். 'ஒரு வாரம் உன் பங்குத் தண்ணீரை நான் பிடிப்பேன்.' 'மூன்று நாள் ஜன்னல் ஓரம் உனக்கு.' காரியம் முடிந்ததும், எழுதியவரே சீட்டை வாங்கி இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட வேண்டும். போட்டதும் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே அப்பா ஒரு வருடம், எல்லோருடைய காலணிகளையும் ஒரு மாதம் துடைப்பதாக எழுதிக் கொடுத்தார்.

தம்பிக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம், அக்காவிடம் ஒரு சீட்டு நீட்டினான். 'ஒரு நாள் முழுக்க அக்கா சொல்வதைக் கேட்பேன். எதிர்த்துப் பேச மாட்டேன்.' வீட்டில் யாராலும் நம்ப முடியவில்லை. வாய் ஓயாத அந்தப் பிள்ளைக்கு அது சொத்தையே எழுதிக் கொடுத்த மாதிரி. அடுத்த நாளே அவள் கேட்டுவிடுவாள் என்று ஒரு வாரம் பூனை மாதிரி நடந்தான். அவளோ கெட்டிக்காரி. செலவழித்தால் ஒரு நாள்தான், வைத்திருந்தால் வாழ்நாள் முழுக்க மிரட்டலாம். "சீட்டை எடுக்கட்டுமா?" என்றால் போதும், சண்டை பாதியில் நிற்கும்.

பிறகு மிரட்டவும் ஆளில்லாமல் ஆளுக்கொரு ஊர் போனார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது சீட்டை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். விடுமுறை நாட்களில்தான் ரயிலில் கூட்டம் பிதுங்கும், அவளுக்கும் லீவு கிடைக்காது. மடி நிறையப் பரிசுப் பொட்டலங்களோடு வீடு போகிறவர்களின் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே பெட்டி பெட்டியாக நடப்பாள். கடைசிப் பெட்டியில், யாரும் பார்க்காதபோது, சட்டைப்பையைத் தொட்டுக்கொள்வாள். அந்த இரண்டு அறை வீடும், கைதட்டலும், அம்மாவும் அதற்குள் இருந்தார்கள். வீட்டை இடித்துவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். கிழிக்காமல் மிஞ்சியது இது ஒன்றுதான்.

ஓய்வு பெற்றபின் சீட்டு குடிபோன டப்பாவை இன்று திறந்து, அதை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள்.

பென்சில் எழுத்து மங்கியிருந்தது. கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, இரண்டு முறை படித்தான். "அடிப்பாவி... இதையா இன்னும் வச்சிருக்க?"

"கடைசித் தேதி போடல. செல்லும்."

"எனக்கு அப்ப ஒன்பது வயசுக்கா!"

"கையெழுத்து யாருது?"

"அதுக்காக..."

"எதிர்த்துப் பேசற" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், ஓடும் ரயிலில் டிக்கெட் இல்லாதவரைப் பிடித்த அதே குரலில். "பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கேன். செருப்பைப் போடு."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். முகம் சுண்டிப்போய்ச் செருப்பைத் தேடினான்.

காது பரிசோதனைக் கூடத்தில் அவனை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அக்கா வெளியே, பரிசோதிக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் இயந்திரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தது. அவன் கட்டைவிரல் அசையவில்லை. மறுபடி எரிந்தது. அசையவில்லை. கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, மோட்டாரில் காதை வைத்தவன் மாதிரி முழு மனதோடு காத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சும்மா அழுத்தி ஏமாற்றக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறானே என்றிருந்தது.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க சார். சரிப்பட்டா உங்களுக்குன்னே செஞ்சுக்கலாம்" என்று அந்தப் பெண் மொச்சைக்கொட்டை அளவு கருவிகளை இரண்டு காதுக்கும் பின்னால் மாட்டிவிட்டாள். அவன் ஏதோ சொல்ல வந்தான். அக்கா, சீட்டு இருந்த கைப்பையைத் தட்டிக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் பேருந்துச் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தான். குடியிருப்புக்கு வந்து லிஃப்டில் ஏறினார்கள். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது வழக்கம்போலக் கிறீச்சிட்டது. அவன் தலை சட்டென்று சாய்ந்தது.

"இது எத்தனை நாளாக்கா?"

"ரெண்டு மாசமா."

"நான் இதுல வந்தேனே."

"வந்த."

"வெண்ணெய்னு சொன்னேன்."

அவன் மூன்றாம் மாடியிலேயே வெளியே வந்து, சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்து, லிஃப்ட் கூண்டு பக்கவாட்டுத் தண்டவாளத்தில் உரசுகிறது, பார்க்கும்வரை ஓட்டாதீர்கள் என்று சொன்னான். மீதி மாடியை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

"எத்தனை கட்டடத்துக்கு நல்லாருக்குன்னு எழுதியிருக்கேனோ" என்றான். "நாளைக்கே எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்க்கா."

"நாளைக்குப் பாரு. இன்னைக்கு என்னோட நாள்."

அன்று பகல் முழுக்க அவனை உட்காரவைத்துப் பேசினாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அம்மா கோபத்தில் பாத்திரம் கழுவும் சத்தம், அப்பாவின் தும்மல், யார் குறட்டை யாரை எழுப்பியது. அவன் எங்கேயும் ஆமாமா போடவில்லை. "இல்லக்கா, தும்மல் மூணு, நாலு இல்ல" என்று திருத்தினான். எதிர்ப்பேச்சுதான். அவள் காதில் வாங்காத மாதிரி விட்டுவிட்டாள்.

மாலையில், அக்கா சொன்னபடியே காத்து மெஷின் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன், வாசலில் அதை இறக்கிவைத்துக் கையை நீட்டினான். "சீட்டைக் குடு. காரியம் முடிஞ்சிடுச்சுல்ல?"

எடுத்து நீட்டினாள். நீட்டினாளே தவிர விரல் விடவில்லை. இதைக் கொடுத்துவிட்டால் அந்த இரண்டு அறை வீட்டில் இனி ஒன்றும் மிஞ்சாது.

"அம்மா போட்ட சட்டம்க்கா."

விட்டாள்.

அவன் பழைய மடிப்பிலேயே சீட்டைப் பிடித்து, மெதுவாகக் கிழிக்க ஆரம்பித்தான். பாதியில் நின்றான். அக்காவைப் பார்த்தான். சீட்டைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னும் ஒரு நூல் அளவு கிழித்தான். கண் கலங்கிவிட்டது.

"அக்கா," என்றான், "காகிதம் கிழியற சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு."

"மீதியையும் கிழிடா" என்றாள் அவள். "மெதுவா."

கடைசி நார் பிரியும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் கைதட்டினாள்.