பட்டினி போடாத எலிகள்

படிவத்தில் பதினோரு கேள்விகள் இருந்தன. இந்த நிறுவனத்தில் பங்கு உண்டா, சம்பளம் வாங்கினீர்களா, மனைவியோ மைத்துனனோ அங்கே வேலை செய்கிறார்களா. பாசத்தை இத்தனை விதமாகத் துருவிய படிவம், பகையைப் பற்றி மூச்சுவிடவில்லை. எர்மெஸ் கிரார்தி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். பொய் ஒன்றுமில்லை. கேட்டிருந்தால் தனித்தாள் வாங்கி எழுதியிருப்பார்.

உணவில் சேர்க்கும் வாசனைப் பொருள்களால் ஆபத்து உண்டா என்று பார்த்துச் சொல்வது பார்மா நகரில் கூடும், எர்மெஸ் உறுப்பினராக இருந்த அந்தக் குழுவின் வேலை. இம்முறை வந்தது, பிஸ்கட்டுக்கு வறுத்த வாதுமை மணம் கொடுக்கும் ஒரு பொருள். ஆய்வை நடத்தியவர் புரொஃபசர் தன்க்ரேதி பொல்சோனி. அந்தப் பெயரைப் பார்த்ததும் எர்மெசுக்குப் பசி போய்விட்டது. அவருடைய இடுப்பைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் எர்மெஸ் பொல்சோனியிடம் உதவியாளர். எலிகளை அறுத்து ஈரலை நிறுப்பதற்கு முந்தின இரவு அவற்றைப் பட்டினி போட வேண்டும். தின்ற எலியின் ஈரல் கனக்கும். அந்தக் கனம் பொருளின் கெடுதல் என்று கணக்கில் ஏறிவிடும். அன்று ஜூன் இருபத்துமூன்று. பார்மாவே வெளியில் மேசை போட்டு, பனி இறங்க இறங்க, கீரை அடைத்த தொர்தெல்லி தின்னும் திருவிழா நாள். தனக்கு இரண்டு தட்டு காத்திருக்கையில் நாற்பது எலிகள் வெறும் கிண்ணத்தை நக்குவதை எர்மெசால் பார்க்க முடியவில்லை. கூண்டுக்கு ஒரு பிடி போட்டார். ஆய்வு பாழ். இருநூறு பேர் கூடிய மாநாட்டில் பொல்சோனி ஒலிபெருக்கியில் சொன்னார்: "என் பொண்டாட்டிகூட எனக்கு இப்படிப் பரிமாறினதில்ல. இவன் விஞ்ஞானி இல்லைங்க, ஓட்டல்காரன்."

பெயர் ஒட்டிக்கொண்டது. எர்மெசின் கல்யாணத்தில்கூட ஒருவன் எழுந்து, மாப்பிள்ளையிடம் இன்றைக்கு என்ன ஸ்பெஷல் என்று கேட்டான்.

இப்போது, பொல்சோனியின் ஆய்வறிக்கையில் முந்நூற்று எழுபத்தோராம் பக்கத்தில், எர்மெஸ் சத்தம் போட்டுச் சிரித்தார். எதிர்மேசை நீவெஸ் நிமிர்ந்தாள்.

"என்ன, லாட்டரி அடிச்சிடுச்சா?"

"அதுக்கும் மேல. அதிக அளவு குடுத்த எலிங்களுக்கு மட்டும் ஈரல் கனம். ஏன்னு தெரியுமா? முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூட்டையில தீனி குறைஞ்சிருக்கு. சாப்பிட்டிருக்குங்க!"

"அப்ப ஆய்வு எப்படியும் குப்பைக்குத்தான். ஒரு கடுதாசி போட்டு விளக்கம் கேளு, முடிஞ்சது."

"கடுதாசியில யாரும் சிரிக்கமாட்டாங்களே. நேர்லயே வரச் சொல்லப்போறேன்."

"மூஞ்சியப் பாரு. கத்தி தீட்டற மாதிரி இருக்கு."

மூன்று வாரம் தீட்டினார். சவரம் செய்யும்போது கண்ணாடிக்கு எதிரே ஒத்திகை: 'புரொஃபசர், உங்க ஓட்டல்ல ஞாயித்துக்கிழமை என்ன ஸ்பெஷல்?' பழிவாங்குபவன் ஒல்லியாக இருந்தால் எடுப்பாக இருக்குமென்று பாலாடைக்கட்டியைக்கூட நிறுத்தினார். ஒன்பது நாள் தாங்கியது.

கூட்டத்தன்று குழுத்தலைவி, "வேண்டியவர் வேண்டாதவர் யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று வழக்கம்போல் கேட்டபோது, எர்மெஸ் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். அந்த ஷூவுக்கு நாடா கிடையாது.

பொல்சோனி கைத்தடியோடு வந்தார். காதில் கருவி. எதிரே உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அடேடே, நம்ம ஓட்டல்காரன்! நல்லா இருக்கியாப்பா?"

பாதி மேசை சிரித்தது. கொஞ்சநஞ்ச இரக்கமும் அதோடு தீர்ந்தது. எர்மெஸ் ஒலிவாங்கியை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அதிக அளவு குடுத்த எலிகளை அறுத்தது திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூண்டுல தீனி போட்டது யாரு, புரொஃபசர்?"

பொல்சோனி கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"ஆளுங்க எல்லாம் லீவு. நான்தான் போனேன். அதுங்க கம்பியப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்துச்சுங்க. பொண்டாட்டி போனதுக்கப்புறம் அப்படி என்னை எதிர்பார்த்து யாரும் நின்னதில்ல. ஒரு பிடிதாம்ப்பா போட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்து ஓட்டல் வாக்கியம் எர்மெசின் நாக்கு நுனியில், பழுத்து, விழத் தயாராக இருந்தது.

"திரு. கிரார்தி, மேற்கொண்டு ஏதாவது கேக்கணுமா?" என்றார் தலைவி.

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பொல்சோனி காதுக் கருவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாதென்று அவரை நோக்கிச் சாய்ந்தார்.