விதி நான்கு: பனி என்றால் பனிக்கட்டி

1

இந்தக் கதை என் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அதன் மேல்தட்டில் பனி உறைந்து உறைந்து கதவே மூட முடியாமல் போனது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சோம்பல்பட்டு, ‘பனி உறைந்தால் என்ன செய்வது’ என்று போனில் தேடினேன். அது என்ன நினைத்துக்கொண்டதோ, ‘பனியுகம் வருகிறது: மதுரை அறிவியல் அரங்கம்’ என்ற வாட்ஸ்அப் குழுவின் வாசலில் கொண்டுபோய் விட்டது. உள்ளே போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். ஃப்ரிட்ஜ் இன்றுவரை சரியாகவில்லை. நானும் குழுவை விட்டு வெளியே வரவில்லை.

உள்ளே இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். விஞ்ஞானி ஒருவர்கூடக் கிடையாது. ஓய்வு பெற்ற தபால்காரர், டியூஷன் எடுப்பவர், மாவு மில் வைத்திருப்பவர் என்று எல்லாரும் பூமியின் மேல் தீராத அக்கறை கொண்டவர்கள். சித்திரையில் ஒரு மழை பெய்தால் ‘பூமி குளிர்கிறது’ என்று ஒரு கட்சி கிளம்பும். மறுநாள் வெயில் அடித்தால் ‘பார்த்தீர்களா’ என்று எதிர்க்கட்சி எழும். நான் அங்கே ஒரு வார்த்தை எழுதியதில்லை. வேடிக்கை பார்க்கிற ஜாதி. (இந்த வாக்கியத்தைப் பெருமையாகத்தான் எழுதினேன். ஆறாம் பகுதிக்கு வரும்போது அந்தப் பெருமை இருக்காது.)

2

எப்படி ஆரம்பிப்பது என்பதில்தான் ஒரு மாதம் போயிற்று.

‘இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பூமியின் வடக்கே பெருநிலங்கள் பனிக்கட்டிக்குள் புதைந்திருந்தபோது, நெல்பேட்டையில்...’

அப்போது நெல்பேட்டை கிடையாது. நெல்லே கிடையாது. விட்டுவிட்டேன்.

‘ஷேக் தாவூதுக்கு வியர்த்தது.’

மதுரையில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை?

சரி, நேராகவே சொல்கிறேன். குழுவின் அட்மின் ஷேக் தாவூது. ஐம்பத்து மூன்று வயது. நெல்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஐஸ் கடை வைத்திருக்கிறார். நீள நீளமாக வரும் ஐஸ் பார்களை உமியில் புதைத்துச் சாக்கால் மூடிவைத்து, மீன்காரர்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் உடைத்துக் கொடுப்பது தொழில். முப்பது வருஷமாக ஐஸோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு, யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றின் மூலம் ஒருநாள் தெரியவந்தது, பூமியே ஒரு காலத்தில் இப்படித்தான் கிடந்தது என்று. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மந்திரி என்று திடீரெனத் தெரியவந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு. அந்த வாரமே குழுவை ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது. பனியுகங்கள் வரும், போகும். இரண்டு பனியுகங்களுக்கு நடுவே வெதுவெதுப்பான ஒரு காலம் உண்டு, நாம் இருப்பது அதில். அதற்கு அவர் வைத்த பெயர் இண்டர்வல். ‘இப்ப நடக்கிறது இண்டர்வல். முறுக்கு வாங்கிட்டு உள்ள வந்து உக்காருங்க. ரெண்டாம் பாதி பூரா பனிதான்’ என்று வாரத்துக்கு ஒரு வீடியோ போடுவார். கடையிலேயே எடுத்தது. பின்னால் சுவரில் ஒரு பெரிய காலண்டர் தொங்கும்.*

* அந்தக் காலண்டரில் ஒரு விசேஷம் உண்டு. எந்த வீடியோவிலும் அது அதே மாதத்தைத்தான் காட்டுகிறது. தாள் கிழிப்பதே இல்லை. எதையாவது மறைக்கத்தான் தொங்குகிறது என்று எனக்குள் இருக்கும் கதைக்காரன் முடிவு செய்துகொண்டான். அதனால் இப்படி எழுதினேன்: ஒரு ஐஸ் பார் உமிக்குள் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று தாவூது வருஷாவருஷம் கரித்துண்டால் அந்தச் சுவரில் குறித்துவந்தார். பதினெட்டு, பதினேழரை, பதினாறு என்று அது குறைந்துகொண்டே வரவும், காலண்டரை மாட்டி மறைத்துவிட்டார். இது முழுக்க என் கற்பனை. ஆனால் நம்பும்படி இருக்கிறது, இல்லையா?

3

குழுவில் தாவூதை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அழகுபாண்டி. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். தாவூதைவிடப் பத்து வயது இளையவர். அவர் ‘அண்ணே’ என்பார், இவர் ‘மாப்ள’ என்பார். இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் எவ்வளவு பெரிய சண்டையும் நடக்கலாம், நடந்தது.

இண்டர்வல் வீடியோவுக்கு அழகுபாண்டி போட்ட பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. ‘ரெண்டாம் பாதி ஆரம்பிக்க இன்னும் அம்பதாயிரம் வருசம் ஆகும்னு சொல்றாகண்ணே. அதுக்குள்ள நம்ம தியேட்டரு வெந்து போகும்.’

குழு ஒரே ஒரு தடவை நேரில் கூடியது. கீழக்குயில்குடியில் இருக்கும் சமண மலைக்குப் போனார்கள். வந்தது ஒன்பது பேர். மலைமேல் குகைக்குள் வழவழவென்று இழைத்த பாறையைத் தடவிப் பார்த்த தாவூது, பனியாறு வழுக்கிப் போன தடம் இது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று அறிவித்தார். அழகுபாண்டி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, இதுல தலகாணியும் சேத்துச் செதுக்கிருக்கு. பனியாறு தலகாணி வச்சுட்டா போகும்?”

முனிவர்கள் படுத்த கற்படுக்கை அது. ஒன்பது பேரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் தாவூது. இறங்கும்போது அழகுபாண்டியின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தாராம். அன்றைக்கு நான் போகவில்லை. போட்டோவில் பார்த்தேன்.

அழகுபாண்டியிடம் ஒரு நோட்டு உண்டு. கார்த்திகை பிறந்ததும் கொடிக்கால் வேலியில் தினமும் சாயங்காலம் ஒரு துண்டைக் காயப்போடுவார். காலையில் எடுத்துப் பிழிவார். சொட்டினால் ‘பனி’, நமுத்திருந்தால் ‘அரைப்பனி’, காய்ந்திருந்தால் ‘இல்லை’. பதினோரு வருஷமாக எழுதிவருகிறார். சுவரில் கரிக்கோடு என்று நான் கற்பனை செய்தேனே, அதற்கு யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

4

இனி விதி நான்கு.

குழு தொடங்கிய புதிதில் சிலர் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ படம் போட்டார்கள். பூவின்மேல் பனித்துளி. கேட்டால், ‘பனியுகக் குழுதானே, பனிதானே போட்டிருக்கோம்’ என்றார்கள். தாவூதுக்கு எரிச்சல் தாங்கவில்லை. குழுவின் விளக்கப் பகுதியில் நான்காவது விதியைச் சேர்த்தார்: ‘இங்கே பனி என்றால் பனிக்கட்டி மட்டுமே.’

நம்முடைய பனி பாவம், எல்லா வேலையும் அதன் தலையில்தான். விடியலில் புல்லில் கிடப்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, இமயமலையில் குவிவதும் பனி, என் ஃப்ரிட்ஜில் இருப்பதும் பனி. தாவூது அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் குழுவை விட்டு வெளியேற்றினார். ரோஜாக்கள் நின்றன. நாலு வருஷம் நிம்மதியாகப் போயிற்று. அந்த நாலு வருஷத்தில் விதி போட்டவருக்கே பனி என்றால் ஐஸ் என்று பழகிவிட்டது.

இந்தத் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தாவூதிடம் இருபது வருஷமாக ஐஸ் எடுத்துவந்த பெரிய மீன் வியாபாரி, சொந்தமாக ஐஸ் மெஷின் வாங்கிவிட்டதாகவும் நாளையிலிருந்து வேண்டாம் என்றும் வந்து சொல்லிவிட்டுப் போனார். தாவூது கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். உமிக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. குழுவில் அழகுபாண்டி எழுதியிருந்தார்.

‘பனி முடிஞ்சு போச்சுண்ணே. இனிமே எதிர்பார்க்காதீக.’

மூன்று மணி பத்து நிமிடம். மூன்று மணி பதினொன்றுக்கு, ‘ஷேக் தாவூது அழகுபாண்டியை நீக்கினார்.’

4 (மறுபடியும்)

தாவூதை அவசரக்காரராகக் காட்டிவிட்டேனோ என்று சந்தேகம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பனியாற்றுக்குத் தலகாணி வைத்துக் கேலி பண்ணியபோது சிரித்த மனிதர். பூமியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தாங்குவார். அன்றைக்குத் தன் கடையைச் சொன்னதாக நினைத்துக்கொண்டார். மாப்ளைக்கு அதற்குள் எப்படித் தெரிந்தது, தெரிந்தாலும் இருநூறு பேர் முன்னால் இப்படியா சொல்வது என்று வலித்துவிட்டது.

அதற்குப் பிறகு குழுவில் சமாதானம் நிலவியது. தாவூது வீடியோ போட்டார், எல்லாரும் கைதட்டினார்கள். அவர் வேண்டுமென்றே தப்பான ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார், அதற்கும் கைதட்டினார்கள். வாரத்துக்கு ஒன்று வந்த வீடியோ இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றது. ஒருநாள் ரோஜாப்பூ ஒன்று வந்தது, பனித்துளியோடு. அவர் அதைத் தடுக்கக்கூட இல்லை.

5

[இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. வேறு எப்படியும் இது நடந்திருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.]

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு தாவூதின் மனைவி சைனப் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, இந்த வருஷம் சோழவந்தான் வெற்றிலை வாயில் வைக்க முடியாமல் காரமாக இருக்கிறது என்றார். சோழவந்தான் என்றதும் தாவூதுக்குக் கோபம் மூண்டுவிட்டது. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவியிடம் அதுவரை சொல்லாததை எல்லாம் கொட்டினார். போனை எடுத்து அந்தச் செய்தியையும் காட்டினார்.

சைனப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

“ஏங்க, கொடிக்கா வச்சிருக்கவரு பனின்னு சொன்னா பனியத்தானே சொல்லுவாரு? உங்க ஐஸுக்கும் அவருக்கும் என்ன?”

தாவூதுக்கு அப்போதுதான் உறைத்தது. முடிந்தது தைப்பனி. மாசிவரை சொட்ட வேண்டிய துண்டு தையிலேயே காய்ந்துபோனது. மாப்ள நோட்டைப் பார்த்துவிட்டு, தனக்கு இருந்த கவலையை முதல் ஆளாக அண்ணனிடம் வந்து சொல்லியிருக்கிறார். அண்ணன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்.

உடனே போன் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். அழகுபாண்டி அவருடைய எண்ணைத் தடுத்துவைத்திருந்தார். அவருக்கும் வலிக்கத்தானே செய்யும்.

6

இந்த இடத்தில் ஒரு முடிவு வேண்டும். இரண்டு வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: தாவூது ஒரு துண்டு ஐஸைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சோழவந்தான் பஸ் ஏறுகிறார். பரவை தாண்டும்போது அது பாதியாகிறது, கொடிக்காலில் இறங்கும்போது ஒரு எலுமிச்சை அளவுக்கு... வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

இரண்டாவது முடிவு: அழகுபாண்டி ‘பனி முடிந்தது’ என்று போட்டிக் குழு ஆரம்பிக்கிறார். தாவூது வேறு பெயரில் அதில் சேர்ந்து...

இல்லை. இரண்டும் நான் தப்பிக்கப் பார்க்கிற வழிகள். சொல்ல வேண்டியது வேறு.

அந்தச் செய்தி வந்தபோது நான் போனும் கையுமாகத்தான் இருந்தேன். படித்த உடனேயே எனக்குப் புரிந்தது. துண்டு காய்ந்துவிட்டது என்கிறார். அடுத்த நிமிடம் நீக்கியதும் ஏன் என்று யூகிக்க முடிந்தது. ‘அண்ணே, அவர் பனியைச் சொல்றார்.’ நான்கு வார்த்தை. தட்டியும்விட்டேன். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றது. ஒரு சொல்லால் இரண்டு பேர் பிரிகிறார்கள், என்ன அருமையான கதை என்று தோன்றிவிட்டது. நான்கு வார்த்தையையும் அழித்துவிட்டு, அதே போனில் கதைக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார், நான் அதற்கு நல்ல ஆரம்பம் தேடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

7

நேற்றுக் காலை, மேலே உள்ள ஆறு பகுதிகளையும் குழுவில் போட்டேன். நான் அங்கே எழுதிய முதல் செய்தி. விதி ஏழின்படி கதை, கவிதைக்கு இடமில்லை. நீக்கினால் நீக்கட்டும் என்று இருந்தேன்.

பதினொன்றே காலுக்கு ‘ஷேக் தாவூது எழுதுகிறார்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. எனக்குக் காப்பி ஆறிப்போனது. பிறகு இது வந்தது:

‘கதை எழுதுனவுகளுக்கு. ஒண்ணு, சைனப் வெத்தல போடாது. அது சொன்னது மட்டும் சரி, எப்படிக் கண்டுபிடிச்சீகன்னு தெரியல. ரெண்டு, காலண்டருக்குப் பின்னாடி நம்பர் ஒண்ணும் கெடையாது. நான் அளக்கவே இல்ல. அளந்தா தெரிஞ்சு போகுமேன்னு பயந்துக்கிட்டுத்தான் அளக்கல. அளந்தது எங்க மாப்ள ஒருத்தன்தான்.’

இருநூற்றுப் பதின்மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஒரு கைதட்டல்கூட இல்லை.

சற்றுப் பொறுத்து, ‘ஷேக் தாவூது குழுவின் விளக்கத்தை மாற்றினார்.’ திறந்து பார்த்தேன். விதி நான்கு: ‘பனி என்றால் பனியும்தான்.’

அதற்குப் பின் ஒரு போட்டோ. கடைச் சுவர். காலண்டர் இல்லை, அது தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில் கரித்துண்டால் பெரிது பெரிதாக: ‘மாப்ள, ஒன் துண்டு சொன்னதுதான் சரி. நோட்டோட சண்டைக்கு வா.’

யாருக்கு எழுதினாரோ அவர் குழுவில் இல்லை. தாவூது அழைத்தால் அவர் போனுக்குப் போகாது. யாராவது ஒருவர் அந்தப் போட்டோவை அவருக்கு அனுப்ப வேண்டும். இருநூற்றுப் பதின்மூன்று பேரும், வேறு யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அழகுபாண்டி வருவாரா, வந்தால் முதல் சண்டை எதைப் பற்றி என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். என்னிடம் அவருடைய எண் இருக்கிறது. போட்டோவும் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல், இந்தக் கதையை நான் எழுதிக்கொண்டிருப்பதும் இதே போனில்தான். இதை மூடினால்தான் அதைத் திறக்க முடியும். இன்னும் இரண்டு வரி எழுதினால் முடிவு நன்றாக வரும் என்று கை அரிக்கிறது, ஆனால் அந்த இரண்டு வரிக்குள்