இரண்டாவது தாள்

நூற்றுக்கு நாற்பத்தைந்து என்று இன்பமேரியிடம் சொன்னது அவள் அண்ணன் யாகப்பன்தான். கடிதம் சேலத்தில் அவனுடைய லாரி புக்கிங் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருந்தது. வடக்கே புதிதாகத் தொடங்கியிருந்த வணிக நிர்வாக மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு. சென்னை வரை போய் எழுதிவிட்டு வந்து இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். அறுபது எடுத்தால்தான் நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள்.

"விடு. ராசிபுரத்துல கணக்கு டீச்சர் வேலை இருக்குதல்ல, அது போதும்" என்றான்.

அவள் நம்பினாள். மூன்று வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், சரக்கு எடுக்க வந்தவர் ரசீதில் கையெழுத்துப் போடப் பேனா தேடி மேசை டிராயரைத் திறந்தாள். உள்ளே அவள் பெயர் போட்ட தாள் ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. அந்தக் கடிதத்தின் இரண்டாவது தாள்.

கணக்கில் ஐம்பதுக்கு முப்பத்தாறு. ஆங்கில வாசிப்பில் ஐம்பதுக்கு ஒன்பது. கீழே, அடுத்த தேர்வுக்கு மறுபடி எழுத விரும்பினால் இந்த மாத முடிவுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. இன்னும் நாலே நாள்.

"இதை ஏனுங்கண்ணா என்கிட்டக் காட்டலை?"

யாகப்பன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மேட்டூர்ல நல்ல இடம் வந்துருக்குது. பொண்ணு பரீட்சையில தோத்துருச்சு, இனி மேல்படிப்பெல்லாம் கிடையாதுன்னு சொன்ன பொறகுதான் அவங்க சரின்னாங்க."

"நான் தோத்ததைச் சொல்லிச் சம்பந்தம் பேசுனீங்களா?"

"கத்தாதே. லோடுமேன் எல்லாம் பார்க்கறான்."

"பார்க்கட்டுமுங்க!"

தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடிப்போய் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். மேட்டூர்க்காரர்களுக்கு ஒரு கார்டும் எழுதிப் போட்டாள். நான் மறுபடி தேர்வு எழுதுகிறேன், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இரண்டே வரி. இரண்டுக்கும் பள்ளிக்கூட விலாசத்தைக் கொடுத்தாள்.

அம்மா இன்னாசிமேரி கலங்கிப்போனாள். "கோவத்துல எதையும் பண்ணாதே சாமி."

"கோவத்துலதாம்மா பண்றேன். இல்லாட்டி பண்ணியே இருக்க மாட்டேன்."

பள்ளி நூலகத்திலிருந்து பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைக் கட்டாகத் தூக்கி வந்தாள். தலையங்கம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று அலாரம் வைத்துப் படித்தாள். மணி அடிக்கும்போது பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டு நகர்வது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறாள். அகராதியைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். ராசிபுரம் பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரம், நிற்காமல் படித்தே தீருவது என்று பழகினாள்.

மாதிரி வினாத்தாள்களையும் எழுதிப் பார்த்தாள். தப்பான விடைகளுக்குத் தனி நோட்டு போட்டு, ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று எழுதினாள். நாற்பது தப்பு சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தால், இருபத்தாறு இடத்தில் கேள்வியையே சரியாகப் படிக்கவில்லை. ஆத்திரத்தில் நோட்டைச் சுவரில் வீசினாள். கணக்கு வகுப்புப் பிள்ளைகளை இதே தப்புக்காகத் தினமும் திட்டுகிறவள் அவள். அன்றிலிருந்து கேள்வியை முதலில், அதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பத்திக்குள் போனாள். தேர்வில் அரை மணிக்கு ஆறு பத்தி. தொடக்கத்தில் இரண்டுதான் முடிந்தது. ஐந்தாவது மாதம் ஆறும் முடிந்தது.

அந்த டிசம்பரில் எழுதினாள். கணக்கில் முப்பத்தொன்பது, வாசிப்பில் முப்பத்திரண்டு. நேர்முகத்தில் ஒரு பெரியவர், "கல்யாணம் ஆனால் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவாயே?" என்று கேட்டார்.

"என்னோட வந்த பையன்கள்கிட்டயும் இதைக் கேட்டீங்களா, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள். இடம் கிடைத்துவிட்டது.

சேதி தெரிந்ததும் யாகப்பன் புக்கிங் ஆபீஸில் வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்து, "எல்லாம் நான் படிக்க வெச்சதுங்க" என்றான். ஜங்ஷனுக்கும் புதுத் தகரப்பெட்டியோடு வந்தான்.

"என்கிட்டப் பெட்டி இருக்குதுங்கண்ணா" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

அங்கிருந்து வாரம் ஒரு கடிதம் அம்மாவுக்கு வந்தது. அண்ணனுக்கு எழுத அவளுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. அதுவும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எந்தத் தேதி என்று கேட்டுத்தான்.