வயது: பூஜ்யம்

பதினொரு நாளாக ஹொபொரோஸ் குதிரை மேல்தான் இருந்தாள். நாற்பத்தாறு பேரை எழுதி முடித்தாயிற்று. பாக்கி இரண்டே வீடு, இரண்டும் கடைசி அலாஸில்.

இதை ஊர் என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். இங்கே மண்ணுக்கு அடியில் பனிக்கட்டி. எங்காவது அது உருகினால் மேலே இருக்கிற நிலம் உட்கார்ந்துவிடும். காட்டுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக ஒரு பள்ளம் விழும். தட்டின் நடுவில் ஏரி, ஏரியைச் சுற்றிப் புல். அதுதான் அலாஸ். அந்தப் புல் குளிர்காலம் முழுக்க எத்தனை மாட்டுக்குத் தாங்குமோ, அத்தனை மாட்டை வைத்துப் பிழைக்கிற வீடுகள்தான் அங்கே இருக்க முடியும். இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் பிறந்தவன் வேறு தட்டைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் பதினெட்டு வீடும் ஒன்பது அலாஸ்களில் சிதறிக் கிடந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு காதம். ஒரு பானை இறைச்சி வேகிற நேரத்தில் குதிரை போகிற தூரத்தைத்தான் இங்கே காதம் என்பார்கள். இன்றைக்கு இரண்டு பானை வெந்திருக்கும். கூடவே அவள் இடுப்பும் வெந்துவிட்டது.

கணக்கெடுப்பு அவள் வேலையே இல்லை. அவள் ஊரின் மருத்துவ அறையில் நர்ஸ். எழுதப் படிக்கத் தெரிந்த இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டதால் இதுவும் அவள் தலையில் விழுந்தது. ஒரு விதத்தில் நியாயம்தான். ஐம்பது பேருக்குக் குறைந்தால் அந்த அறையை மூடிவிடுவார்கள் என்று மாவட்டத்திலிருந்து ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது.

யெர்மொலாயின் வீட்டில் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவன் மனைவி தாயிஸ் தேநீர் ஊற்றினாள். சட்டையின் மார்பில் இரண்டு ஈரவட்டங்கள். ஹொபொரோஸ் அதைப் பார்க்காதவள் போலத் தாளை விரித்தாள்.

"எத்தனை பேர், தம்பி?"

"நானும் இவளும். ரெண்டு."

"வேற?"

"ஒரு நாய்க்குட்டி வந்துச்சு, அக்கா. அதையும் வித்தாச்சு."

அந்த நாய்க்குட்டியின் தொப்புள்கொடியை அறுத்ததே ஹொபொரோஸ்தான். இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி. ஆற்றில் படகை நிறுத்திவிட்டிருந்தார்கள். பனியோ இன்னும் ஆள் பாரம் தாங்காது. வருடத்துக்கு இரண்டு முறை, ஆறு உறையும்போதும் உடையும்போதும், மாதக் கணக்கில் ஊர் இப்படித்தான் அக்கரை ஆஸ்பத்திரி இல்லாமல் கிடக்கும். அந்த நாட்களில் அவளுடைய அறை ஒன்றுதான் கதி.

இந்த வீட்டில் இதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் மூன்றாவதைக் கதவு வழியாக வெளியே கொண்டுபோக மாட்டார்கள். ஜன்னல் வழியாக அண்டை வீட்டுக்காரருக்கு விற்றுவிடுவார்கள். இங்கே குழந்தையே இல்லை என்று தேடி வருகிற பேய் நம்ப வேண்டும். பேய்க்குக் காது கூர்மை. அதனால் யாரும் வாய் திறந்து உண்டு என்று சொல்லக் கூடாது, நாய்க்குட்டி என்றுதான் சொல்லலாம்.

கணக்கெடுப்பிலோ வாய்தான் எல்லாம். சான்றிதழ் கேட்கக் கூடாது, சொன்னதை எழுத வேண்டும். அதற்கும் ஒரு நொடி உண்டு: பதினான்காம் தேதி பிறக்கிற நள்ளிரவு. அந்த நொடியில் உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் கணக்கில் சேர்த்தி. பதினைந்தாம் தேதி கண்ணை மூடிய கிரிக் கிழவரும் அந்த நாற்பத்தாறில் ஒருவர்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்பிரிதோன் அண்ணனையும் சேர்த்தா நாப்பத்தொம்பதுதான் வருது, தம்பி," என்றாள். "அடுத்த தடவை ஆறு உறையறப்போ நாய்க்குட்டிக்குக் காய்ச்சல் வந்தா எங்க தூக்கிட்டு ஓடுவே?"

யெர்மொலாய் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "செத்த கிரிக்கையே எழுதியிருக்கீங்க. இன்னொரு செத்தவனைப் புடிச்சு எழுதிக்கங்க." பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு தடவை எழுதினோம், அக்கா. பேரு, தேதி எல்லாம். இப்ப ரெண்டும் கல்லறைக் கட்டையில இருக்கு."

ஹொபொரோஸ் இரண்டு என்று எழுதிக்கொண்டு எழுந்தாள்.

ஸ்பிரிதோனின் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். அறுபது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி, குதிரை மேய்ப்பவர். கதவைத் திறந்ததுமே விரலை உதட்டில் வைத்தார். சேணங்களுக்கு நடுவில், முயல்தோலில் சுற்றி, அது தூங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்பிரிதோன் அண்ணே, உங்க வீட்டுல எத்தனை பேர்?"

"ரெண்டு," என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு கரண்டி குடுத்து வாங்கினேன். நல்ல கரண்டி."

அவளுடைய பேனா நின்றது. எழுதலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆள் எந்த வீட்டில் இருக்கிறாரோ அங்கேதான் கணக்கு. பதினான்காம் தேதி நள்ளிரவில் இது இங்கேதான் தூங்கியது. ஆனால் கதவருகே பனி மிதிபடும் சத்தம். யெர்மொலாய் அவள் பின்னாலேயே வந்திருந்தான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வேண்டாம் என்றால் எழுதுவதில்லை என்று அவள் அங்கேயே முடிவு செய்துகொண்டாள். இரண்டு கட்டைகளையும் நட்ட அன்று அவளும் கூட நின்றவள்.

அவளுக்குத் தெரிந்தது விளக்குவது ஒன்றுதான். தாளை அவன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டமாகக் காட்டினாள். உறவு என்ற கட்டத்தில் வாங்கினவர் என்று ஒரு வகை இல்லை, உறவில்லாதவர் என்றுதான் போட முடியும். பெயர், ஆள் விட்டுப்போகாமல் இருக்க மட்டும். அது இயந்திரத்துக்குள் போகாது, எண் மட்டும்தான் போகும். பிறகு வயது.

"அங்க என்ன போடுவீங்க?" என்றான்.

"பூஜ்யம். ஒரு வயசு முடியாதவங்களுக்கு அப்படித்தான் போடணும்."

"பூஜ்யம்னா… இல்லைன்னுதானே?"

அவள் பேனாவால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

யெர்மொலாய் அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "உறவில்லாதவன். வயசு இல்லை. அப்ப போட்டுக்கங்க."

பெயர் என்ற இடத்தில் நாய்க்குட்டி என்று எழுதினாள். வயது என்ற இடத்தில் வட்டத்தை நன்றாக மூடி எழுதினாள், ஆறாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று.

"அப்ப அரசாங்கத்துல அது என் நாய்," என்றார் ஸ்பிரிதோன். "குரைச்சா என்னைக் கேளுங்க."

முயல்தோல் அசைந்தது. முனகல் அழுகையாவதற்குள் கதவு திறந்து தாயிஸ் காலி வாளியோடு உள்ளே வந்தாள். தண்ணீர் எடுக்க வந்தேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். மற்ற மூவரும் அடுப்பைப் பார்த்தார்கள்.

ஹொபொரோஸ் தாள்களை மடியில் வைத்து இன்னொரு முறை கூட்டினாள். ஐம்பது. ஒருவர் செத்தவர், ஒன்று நாய்க்குட்டி. மிச்சப் பேரில் பாதிப் பேருக்கு அவள்தான் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறாள். அடுத்த கணக்கு வரும்போது அவளுக்கு அறுபத்திரண்டு. ஆறு உறைந்த பிறகு இந்தத் தாள் மூட்டையை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவும் அவள்தான்.

தாயிஸ் எழுந்து காலி வாளியோடு கிளம்பினாள். ஹொபொரோஸ் பூட்ஸை மாட்டக் குனிந்தாள், குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டாள். திரும்பிப் போக இன்னும் இரண்டு பானை வேக வேண்டும்.