ஒட்டுக் குரல்

ஒட்டுப் போட்ட குரல் யாருடையது என்று கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை: அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எவரும் எழுதி வைக்காத, ஆயினும் எவரும் மீறாத நெறி இது. புகழ்வாய்ந்த பாடகர் ஒருவர் பாடிச் சென்ற பின்னர், அவர் குரல் எட்டாது நின்ற அடியையோ, நடுங்கித் தளர்ந்த நீண்ட இழுப்பையோ, பிறர் ஒருவர் அவர் குரலிலேயே பாடி இட்டு நிரப்புவதற்கு அங்கே ஒட்டு என்று பெயர். கிழிசலைத் தைத்த கையை ஆடை உடுத்தவர் அறியாதிருப்பதே தையலின் அழகு என்று எண்ணுவார் போல, அங்குள்ளோர் யாவரும் அந்நெறியைக் கனிவென்றே கருதிக் காத்து வந்தனர்.

நல்லீர், முற்பகல் வேளையில் அக்கூடத்தைக் காணுங்கள். புறத்தே, கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுருண்டு மேலேற, பேருந்துகள் உறுமிப் புகை கக்க, பள்ளிக்குப் பிந்திய பிள்ளைகளைத் தாயர் இழுத்தோட, பெருந்தெரு ஆற்று வெள்ளம் போல் இரைந்து கிடக்கிறது. அகத்தே, இரட்டைக் கதவுகளைக் கடந்த அளவில், உலகின் வாயை எவரோ உள்ளங்கையால் பொத்தினாற்போன்ற அமைதி. பஞ்சு பொதிந்த சுவர்கள். தரைவிரிப்பின் ஓரமாய் நரம்புகள் போல் ஓடும் கம்பிகள். நடுவே தடித்த கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் ஒலிப்பதிவாளரும் இசையமைப்பாளரும் அமரும் சிற்றறை. இப்பால் பாடுவோர் நிற்கும் பேரறை.

அப்பேரறையில், குழுப்பாடகியர் வரிசையின் கடைக்கோடியில், இருபது ஆண்டுகளாக நின்று வந்தாள் ஒருத்தி. ஐந்து குரலில் பாட வல்லாள் என்று தோழியர் தொடக்க நாளில் இட்ட பெயர் பஞ்சவர்ணம். அந்த ஐந்து பின்னர் எத்தனையாய்ப் பெருகியது என்பதை அவளே அறியாள். உறக்கம் கலைந்த மழலையாய்ச் சிணுங்குவாள். பல்லிழந்த முதியவளாய்த் தாலாட்டுவாள். பாழ்வீட்டுப் பேயாய்ச் சிரிப்பாள். ஊரே திரண்டு அழும் காட்சியில், ஒருத்தியே பலமுறை பாடிப் பதிந்து, ஊரளவு அழுவாள். அவள் குரலைத் தொலைக்காட்சியில் கேட்டு உருகிய அண்டைவீட்டம்மாள் அவளிடமே ஓடிவந்து, "என்னமாப் பாடியிருக்கா பாருங்க, கண்ணே கலங்கிடுச்சு! உங்களுக்குப் பாட்டுல எல்லாம் ஆர்வம் உண்டா?" என்று வினவிய நாளும் உண்டு. "கேப்பேங்க," என்று மட்டும் மொழிந்து தேநீர் நீட்டினாள் பஞ்சவர்ணம்.

அதனை உள்ளறையிலிருந்து செவியுற்ற மகள் பொறுக்கமாட்டாது, "ஏம்மா, நான்தான் பாடினேன்னு சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று பாய்ந்தாள்.

"முத்து உதிராதுடி. வேலை உதிரும்."

ஓராண்டாக அவளுக்கு வாய்த்த ஒட்டுகளுள் பெரும்பாலானவை ஒரு குரலுக்கே உரியனவாயிருந்தன. நாடறிந்த பெரிய பாடகி ஒருவர், அகவை முதிர முதிர, உச்ச அடிகளின் வாயிலில் நின்று மூச்சுத் திணறலானார். அவர் பாடி முடித்து இல்லம் ஏகியதும், பஞ்சவர்ணத்துக்கு அழைப்பு வரும். அவளோ, தன் இளமையில் கேட்டு நெஞ்சில் ஊறிய அப்பாடகியின் பழைய குரலை, அடிதோறும் அவர் விடும் சிறு மூச்சு உட்பட, ஒருசிறிதும் பிசகாது மீட்டுத் தருவாள். பெரிய பாடகியின் நெஞ்சு புண்படும் என்று அஞ்சி, ஒருவரும் அவருக்கு இதனை உரைத்திலர்.

அன்று, முற்றுப்பெற்ற பாடல் ஒன்றைக் கேட்டுச் செல்லும்பொருட்டுப் பெரிய பாடகி சிற்றறைக்கு வந்திருந்தார். வேறொரு பாடலுக்கெனக் குழுப்பாடகியர் பேரறையில் செவிப்பொறி அணிந்து காத்து நின்றனர். சற்றுமுன் அவர்களோடு பேசிய ஒலிப்பதிவாளர், பேச்சுக்கான விசையை அணைக்க மறந்தார். அதனால் கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ந்த உரையாடல் அனைத்தும் அவர்கள் செவிகளில் வந்து விழுந்தது.

"கடைசி அடியை இன்னொரு தடவை போடுப்பா," என்றார் பெரிய பாடகி. பாடல் ஒலித்து ஓய்ந்தது. "இதை நான் எப்பப் பாடினேன்?"

"போன வாரந்தாம்மா. பிரமாதமாப் பாடினீங்க," என்றார் இசையமைப்பாளர்.

"அந்த இடத்துல திணறி நின்னதுதானேப்பா எனக்கு ஞாபகம்?"

"திணறவே இல்லையேம்மா. ஒரே மூச்சுல ஏறினீங்க."

பின்னர் வந்த குரல், மேடைகளை ஆண்ட அக்குரல்தானோ என்று ஐயுறுமாறு மெலிந்திருந்தது. "எத்தனை பாட்டு இப்படி! குரல் என்னுது, பாடின நினைப்பு மட்டும் எனக்கில்ல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில என்னையே நீ யாருன்னு கேட்டாங்க. நாளைக்கு டாக்டரைப் பாக்கப் போறேன். இதோட பாட்டை விட்டுடறேன்ப்பா. புத்தி முழுசாப் போறதுக்குள்ள நானே போயிடறது மரியாதை."

இசையமைப்பாளர் கூரையை நோக்கினார். ஒலிப்பதிவாளர் தூசியில்லாப் பலகையைத் துடைக்கலானார். பஞ்சவர்ணமோ, தான் வருத்தமின்றி ஈந்த கொடை வேறொருத்தியின் அறிவை அரித்துக்கொண்டிருந்ததை உணர்ந்து, தீ மிதித்தாள் போல் துடித்தாள். அவள் முகக்குறி கண்ட பக்கத்துத் தோழி கையை இறுகப் பற்றி, "வாயைத் திறக்காதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்! ஒட்டுப் போட்டதைச் சொன்னவளை அப்புறம் எவன் கூப்பிடுவான்?" என்று கிசுகிசுத்தாள்.

மகளின் படிப்பும், வீட்டு வாடகையும், வேறு தொழில் பயிலாத தன் நாற்பத்தைந்து அகவையும் கண்முன் வரிசையாய் வந்து நின்றன. அவற்றை அவள் ஒதுக்கவில்லை; அவற்றோடுதான் ஒலிவாங்கியின் முன் சென்று நின்றாள்.

"அம்மா, கடைசி அடியைப் பாடினது நீங்க இல்ல. நான்."

"அக்கா, சும்மா இருங்க!" என்று இசையமைப்பாளர் பதறி எழுந்தார். பெரிய பாடகி கண்ணாடியருகே வந்து, வரிசையின் கடைக்கோடியை அன்றுதான் முதன்முறை காண்பவர் போல் உற்று நோக்கினார்.

"என் மனசைத் தேத்தறதுக்காகச் சொல்றியா?"

மறுமொழியாகப் பஞ்சவர்ணம் அவ்வடியைப் பாடினாள். காற்றில்லா அறையில் ஏறும் விளக்குச் சுடரென அக்குரல் நடுங்காது உயர்ந்து, உச்சத்தில் ஒளிர்ந்து, சிறு மூச்சொன்றில் இறங்கியது. "இந்த ஒரு வருஷமா ஏறின இடமெல்லாம் நான்தாம்மா. திணறினதா உங்களுக்கு ஞாபகம் இருக்கே, அதெல்லாம் நிசம். உங்க ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்ல."

கண்ணாடிக்கு அப்பால் பெரிய பாடகியின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே யாவரும் அஞ்சினர். செவிப்பொறிகளில் வந்ததோ வெடித்த சிரிப்பு.

"அடிப் பாவி! ஞாபகத்துக்குன்னு ஒரு வருஷமா வேப்பங்காயா கசக்கற நாட்டு மருந்தைக் குடிச்சிட்டு இருக்கேன்டி நான்! எனக்கு எட்டல, அவ்வளவுதானே? எட்டாட்டிப் போகட்டும். புத்தி கெடலையே, அது போதும்!"

குரல் தேய்தல் உடலோடு வந்த துயர். அதனைத் தாங்கும் வலிமையும் உயிர்க்கு உடன்பிறந்தே வருகிறது. தன்னைத் தானே ஐயுற்று நிற்றலோ, பிறர் கனிவின் பெயரால் மறைத்தவற்றால் விளையும் துயர். அதனை உண்மையுரைக்கும் நா ஒன்றே நீக்க வல்லது. நாளை அழைப்பு வருமோ வாராதோ, அதனைப் பஞ்சவர்ணம் அறியாள். ஆயினும் அவ்வேளையில், இருபது ஆண்டுகளாய்ப் பிறர்க்கென அளந்தளந்து விட்ட மூச்சை, ஒருவர் அளவிலும் அடங்காது, தன் விருப்பம்போல் நெடிதாக விட்டாள்.